தூள் பைக்குள்ள இருந்த தாலிக்கொடி

ரெண்டு வருசத்துக்கு முதல், கரீபியன் தீவொண்டில நடந்தது இது. ரொறன்ரோவில இருக்கிற தங்கச்சிக்கு இருபத்தஞ்சாவது கலியாண நாள். அவளின்ர மனுசன் கடலோரமா ஒரு வில்லாவை ஒரு கிழமைக்கு எடுத்து, எங்களையும் வரச் சொல்லிப்போட்டார். நானும் இவரும் மெல்பேர்னில இருந்து பிளேன் மாறி மாறி, கால் வீங்கிப் போய்ச் சேர்ந்தம்.

என்ன வீடு அது! எங்களுக்கெண்டே நீச்சல் குளம், அறைக்கு அறை கடல் தெரியும். சமைக்கவும் துப்புரவாக்கவும் அந்தத் தீவுப் பெண் ஒராள், என்ர வயசுதான் இருக்கும், காலமை வந்து பின்னேரம் போவா. மெல்பேர்ன் பக்கம் டண்டினொங்கில ஒரு முதியோர் இல்லத்தில மற்ற ஆக்களைக் குளிப்பாட்டி, சாப்பாடு தீத்திற எனக்கு, ஒருத்தி தேத்தண்ணி கொண்டு வந்து கையில தர, கூச்சமாப் போச்சு.

கூச்சம் ஒரு பக்கம், பயம் மற்றப் பக்கம். விழாவுக்குப் போடவெண்டு என்ர தாலிக்கொடியைக் கொண்டு போயிருந்தன். அறையில சேஃப் இருந்தது. அதின்ர நம்பர் வேலைக்காரருக்குத் தெரிஞ்சிருக்கும் எண்டு நினைச்சு, எங்கட ஆக்களின்ர புத்தியைக் காட்டினன். ஊரில இருந்து வந்த, சீரகமும் மல்லியும் சேத்து வறுத்த மிளகாய்த்தூள் ரெண்டு பை கொண்டு போனனான். ஒண்டு சமையலுக்கு. மற்றதுக்குள்ள கொடியைப் பொலித்தீனில சுத்தித் தாட்டு, குசினி அலுமாரியில பின்னுக்குத் தள்ளி வைச்சன். விழாவுக்குப் போட்டிட்டு, முடிய அங்கேயே திருப்பி வைச்சன். இவர் தலையில அடிச்சுக்கொண்டார்.

கடைசி நாள் பின்னேரம் பெட்டி அடுக்கக் குசினிக்குப் போறன், பையைக் காணேல்ல. அலுமாரி முழுக்கக் கிளறினன். அந்தப் பெண் அப்பதான் வீட்ட போயிருந்தா. “தூள் பையை அவள்தான் எடுத்திட்டாள், எனக்கு முதலே தெரியும்!” எண்டு வீடு அதிரக் கத்தினன்.

தங்கச்சி ஈரத் தலையோட ஓடி வந்தாள்.

“அக்கா, நான்தான் அதை அவவுக்குக் குடுத்தனான். எங்கட நண்டுக்கறியை அவ்வளவு ஆசையாச் சாப்பிட்டவ. ஒரு பை மிச்சம் கிடந்தது தானே?”

கொடி அதுக்குள்ளதான் எண்டு தங்கச்சிக்குச் சொன்னன். அந்தப் பெண்ணுக்கு ஃபோன் அடிச்சா எடுக்கேல்ல. வீடு எங்க எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. விடிய எங்களுக்குப் பிளேன். கழுத்தில ஏறின நாளில இருந்து, இடம்பெயர்ந்து ஓடேக்கையும் என்னோட வந்த கொடி அது. வாசல் படியில இருந்து, ஊரில இல்லாத நேர்த்தி எல்லாம் மெல்பேர்னில த பேசின் எண்ட இடத்துக் கோயில் பிள்ளையாருக்கு வைச்சு அழுதன்.

ஒரு மணித்தியாலம் இருக்கும். கேற்றடியில ஒரு வான் வந்து நிண்டுது. அந்தப் பெண் இறங்கினா. கை ரெண்டும் சிவப்பு, கண்ணால தண்ணி, விடாமல் தும்மல். வீட்ட போய்த் தூளைப் போத்தலில கொட்டேக்க கொடி விழுந்திருக்கு. கையைக்கூடக் கழுவாமல் றோட்டில வந்த வானை மறிச்சுத் திரும்பி ஏறிட்டா. கொடியை என்ர கையில வைச்சா. அவவைக் கட்டிப் பிடிச்சு ரெண்டு பேருமாத் தும்மினம். தங்கச்சி அழுகையும் சிரிப்புமா நிண்டாள்.

“எங்கட அம்மாவும் நகையைச் சோளமாப் பேணிக்குள்ளதான் ஒளிக்கிறவ, கள்ளருக்குப் பயத்தில” எண்டு அந்தப் பெண் சிரிச்சா. நான் ஓம் ஓம் எண்டு தலையாட்டினன். எந்தக் கள்ளருக்கு நான் ஒளிச்சனான் எண்டு அவ கேக்கேல்ல, நல்ல காலம்.

தூளை அவவையே வைச்சிருக்கச் சொன்னன். கொடியில இப்பவும் மெல்லிசா ஒரு சீரக வாசம் இருக்கு.

நான் வேலை செய்யிற இடத்தில ஆரின்ரையும் ஒரு மோதிரம் காணாமப் போனா, முதல் வேலைக்காரர் எங்கட முகத்தைத்தான் பாப்பினம். அப்பிடிப் பாத்த நாளுகளில நான் வீட்ட வந்து அழுதிருக்கிறன். இப்ப அப்பிடி ஆரும் பாக்கேக்க எனக்குக் கோவம் வாறதில்ல, அந்தத் தூள் பிடிச்ச ரெண்டு கையும் தான் கண்ணுக்குள்ள வந்து நிக்குது.