ஸ்பீக்கர்ஃபோன் முன்னால் ‘ம்’ கொட்டியவர்கள்

“செட்டு செத்துப்போச்சு, உடனே வாங்க” என்று பாசன ஆபீசிலிருந்து ஆள் வந்தபோது அடைமழை. டெலிபோன் ரிப்பேர்க்காரனுக்கு வெயில் ஏது, மழை ஏது? பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

ரூம் நிறைய விவசாயிகள். சம்பா நடவு மூழ்கிக் கிடக்கிறது. வடிகால் மதகில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டு ஷட்டர் ஏறவில்லை. வாசலில் ஜேசிபி தயார். எந்தக் கரை வழியாகப் போவது என்று மதகுக் காவலாளி ராஜேந்திரன் அங்கிருந்து போனில் சொல்ல வேண்டும். தப்பான கரையில் போனால் வண்டியே வாய்க்காலுக்குள் இறங்கிவிடும்.

இன்ஜினியர் ஸ்பீக்கரைப் போட்டிருந்தார்.

“சார், தெற்கால...” சத்தம் போச்சு. “...அதனால வண்டிய...” மறுபடி போச்சு.

செட்டில் ஒரு கோளாறும் இல்லை! அந்த மாடலில் ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் பேச்சு போகும். இங்கே சத்தம் எழுந்தால் மைக்கைத் திறந்து ஸ்பீக்கரை அடைத்துவிடும். அங்கே பேசினால் ஸ்பீக்கரைத் திறந்து மைக்கை அடைக்கும். நம்ம ஜனங்களோ ராஜேந்திரன் வாயைத் திறந்தாலே, “ம்... ஆமா... ம்...” என்று மரியாதையாக ம் கொட்டுகிறார்கள். ஒவ்வொரு ம்முக்கும் அந்த மனுஷன் பேச்சு அறுந்துபோகிறது.

“அட, யாரும் வாயத் தொறக்காதீங்கய்யா!” என்று கத்தினேன். என் கத்தலில் இன்னொரு தடவை அறுந்தது.

அப்புறம் கப்சிப். ராஜேந்திரன் பேச்சை நிறுத்திவிட்டு, “ஹலோ? சார், இருக்கீங்களா?” என்றார். நான் போட்ட கத்தலுக்குப் பயந்து யாரும் வாயைத் திறக்கவில்லை. ம் சத்தமே வராததால் லைன் போச்சென்று வைத்தேவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

“ரிசீவர எடுத்துப் பேசித் தொலைங்க சார். அதுல ரெண்டு பக்கமும் கேக்கும்.”

“நான் மட்டும் கேட்டா, எதையோ மறைச்சுட்டேன்னு இவங்க சொல்லுவாங்கய்யா.”

“சொல்லத்தான் செய்வோம்!” என்றார் பின்னாலிருந்த பெரியவர் ஒருவர்.

மறுபடி மணி அடித்தது. குத்தகை நிலத்தில் நட்டிருந்த சரோஜா அக்கா கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்து ரிசீவரை எடுத்தார். இன்னும் ஒரு நாள் தண்ணீர் நின்றால் அவர் பயிர் அழுகிவிடும்.

“சொல்லுங்கண்ணே. ம்... ம்... சரி.” ரிசீவரை வைத்தார். “வடகரை வழியா வரணுமாம். தென்கரையில மண்ணு சரிஞ்சு கெடக்காம். கெளம்புங்க!”

ஜேசிபி கிளம்பியது. சாயங்காலம் ஷட்டர் ஏறிவிட்டது, பயிரும் தப்பியது. ஆனால் வண்டி கிளம்பிய கையோடு இன்ஜினியர் எகிறினார்.

“இந்தம்மா சொன்னா நம்புறீங்க, நான் சொன்னா நம்ப மாட்டீங்களா?”

“அந்தம்மா வயலு தண்ணிக்குள்ள கெடக்கு சார்” என்றார் அந்தப் பெரியவர். “ஒங்க வயலா கெடக்கு?”

இப்போதெல்லாம் ஸ்பீக்கர்ஃபோன் வேண்டுமென்று எந்த ஆபீசில் கேட்டாலும், ரிசீவரை யார் கையில் கொடுப்பீர்கள் என்றுதான் முதலில் கேட்கிறேன்.