ஆர்வம்: உண்டு / இல்லை

நாற்பத்திரண்டு செவிலியர்கள் வேலை பார்க்கும் அந்தக் குன்னூர் மருத்துவமனையில், பதிவேட்டின்படி, படிப்பில் ஆர்வமே இல்லாதவள் கனகமணி ஒருத்திதான். ஆறாத புண்ணைப் பற்றி மூச்சு விடாமல் ஒரு மணி நேரம் பேசக்கூடியவளும் அங்கே அவள் ஒருத்திதான். பதிவேடுகளை நம்புகிறவர்கள் இந்த இரண்டையும் எப்படியாவது சேர்த்து வைத்துக்கொள்ளட்டும்.

இதற்கெல்லாம் காரணம் அலுவலகக் கிளார்க் கீர்த்திவாசன். செவிலியர்கள் தங்கள் பதிவைப் புதுப்பிக்க வேண்டுமானால், இத்தனை மணி நேரம் தொடர்கல்வி வகுப்பில் உட்கார்ந்திருந்ததாகச் சான்று காட்ட வேண்டும். வகுப்புக்கு ஒரு தாள் உண்டு. பாடம் எடுப்பவருக்கோ, அவரை அழைத்து வருபவருக்கோ அந்தப் பாடத்தால் ஏதாவது ஆதாயமோ ஒட்டு உறவோ இருக்கிறதா என்று கேட்கிற தாள். ஆங்கிலத்தில் அதன் தலைப்பு 'கான்ஃப்ளிக்ட் ஆஃப் இன்ட்ரஸ்ட்'. தமிழிலும் இருக்க வேண்டும் என்று மேலே இருந்து உத்தரவு வந்தது. கீர்த்திவாசன் அகராதி பார்க்கிற மனிதர்; ஆனால் முதல் பொருளைப் பார்த்ததும் அகராதியை மூடிவிடுகிற மனிதர். 'ஆர்வ மோதல் அறிக்கை' என்று தலைப்பிட்டு, கீழே 'இவ்வகுப்பில் தங்களுக்கு ஆர்வம் உண்டா? உண்டு / இல்லை' என்று அடித்து, எதற்கும் இருக்கட்டும் என்று வகுப்புக்கு வருகிற எல்லோருக்கும் ஒரு பிரதி கொடுத்துவிட்டார்.

எல்லோரும் 'உண்டு' என்று டிக் செய்தார்கள். ஒரு பெண் 'மிகவும் உண்டு' என்று எழுதிக் கீழே கோடும் போட்டாள். ஆண் செவிலியர் ராசு மட்டும், 'நைட் டியூட்டி முடிந்து வந்தால் இல்லை' என்று உண்மையைச் சொன்னான்.

வகுப்புகளை ஏற்பாடு செய்யும் பொறுப்பு கனகமணியுடையது. ஆங்கிலத் தாளைப் படித்தவள் என்பதால் கேள்வி எதைப் பற்றியது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தே நான்கு வருஷமாக 'இல்லை' என்று டிக் செய்து வந்தாள். தமிழ் தப்பு என்று கீர்த்திவாசனிடம் சொல்லவும் இல்லை. சொன்னால் திருத்துவார். திருத்தினால் நாலு பேர் படிப்பார்கள்.

அவள் மறைத்த ஆதாயத்தின் பெயர் மாலதி.

இரண்டு பேரும் கோயமுத்தூரில் நர்சிங் படித்தபோது ஒரே ஹாஸ்டல் அறை. பிறகு இதே குன்னூர் மருத்துவமனையில், ஒரே வார்டில், பதினோரு வருஷம். ஒருத்தி டிரெஸ்ஸிங் தட்டைப் பிடித்தால் மற்றவள் வாய் திறந்து கேட்காமலே சரியான இடுக்கி கைக்கு வரும். கனகமணி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், "லீவு கிடைக்கலீங்க" என்பாள். மாலதி செய்துகொண்டாள். இரண்டு பிள்ளைகள் ஆன பிறகு, ஒன்பது வருஷத்துக்கு முன், மலையை விட்டு இறங்கிக் கோயமுத்தூரில் புண்ணுக்கு ஒட்டும் ஃபோம் விற்கிற ஒரு கம்பெனியில் சேர்ந்தாள். செவிலியர்களுக்கு அதைப் பயன்படுத்தச் சொல்லிக் கொடுப்பது வேலை. சொல்லிக் கொடுப்பதா விற்பதா என்று கேட்டால் அவளே சிரிப்பாள்.

மாலதிக்குக் குடும்பம், வேலை, மாமியாரின் முழங்கால். சும்மா மலையேறி வர அவளுக்கு நாள் ஏது? வேலையாக வந்தால்தான் உண்டு. ஆக, வருஷத்துக்கு இரண்டு முறை கனகமணி அவளுக்கு ஒரு வேலையை உண்டாக்கினாள். மற்ற இடங்களில் பாடத்தைத் தீர்மானித்து, ஆளைத் தேடி, தேதி குறிப்பார்கள். இங்கே மாலதிக்கு எந்த வெள்ளிக்கிழமை தோது என்று முதலில் கேட்டுக்கொண்டு, அதற்குப் பொருத்தமாக ஒரு புண்ணைத் தேடினார்கள்.

கம்பெனி காரில் வருவாள். மதியம் வகுப்பு, அன்று இரவு கனகமணி வீட்டில் தங்கல், மறுநாள் காலை கார். வருவதற்கு ஒரு வாரம் முன்பே கனகமணி இரண்டு கம்பளியையும் வெயில் காட்டும் சாக்கில் வெளியே போடுவாள். குன்னூர் வெயில் அதைப் பெரும்பாலும் நனைத்துத்தான் கொடுக்கும். கனமான கம்பளி ஹாஸ்டல் நாளிலிருந்தே மாலதிக்கு. அவள் போன பிறகு அதை மடிக்க நான்கைந்து நாளாகும்.

கம்பெனிக்காரி என்பதை மாலதி மறைத்ததில்லை. தன் தாளில் கம்பெனி பெயரை ஒழுங்காக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பாள். வகுப்பில் அதைப் படித்துச் சொல்ல வேண்டியவள் கனகமணி. அவளோ, "நம்ம ஆஸ்பத்திரில பதினோரு வருஷம் இருந்த மாலதி சிஸ்டர்" என்று மட்டும் சொல்லி மைக்கைக் கொடுத்துவிடுவாள். அதுவும் பொய் இல்லை. உண்மையைப் பாதியில் நிறுத்துவது அவளுக்குப் புண்ணைச் சுற்றித் துடைத்துவிட்டு நடுவைத் தொடாமல் விடுவது போலத்தான் தோன்றியிருக்க வேண்டும். ஆனாலும் செய்தாள்.

போன ஜூன் மாதம் கட்டபெட்டிலிருந்து கருப்பம்மாளை அழைத்து வந்தார்கள். முப்பது வருஷம் தேயிலை பறித்தவள், சர்க்கரை நோய், வலது குதிகாலில் புண். இரண்டாம் வாரம் ஒருநாள் கனகமணி வார்டைச் சுற்றி வந்தபோது, கட்டில் ஓரம் அவள் மகன் ரமேஷ் ஒரு பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பையில் மாலதி கம்பெனியின் ஃபோம் பெட்டி.

"ஏனுங்க, இது எங்க வாங்கினீங்க?"

"கோயமுத்தூருங்க சிஸ்டர். இங்க எந்தக் கடையிலயும் இல்லைன்னுட்டாங்க. மொதல்ல போனப்ப சைஸ் மாறிப் போச்சுங்க, மறுக்கா போனேன். ஃபேக்டரில நாலு நாள் லீவு."

"இத ஒட்டுனாத்தான் கால் நிக்குமாம்," என்றாள் கருப்பம்மாள். "அதான் ஓடறான். நான் சொன்னேன், காலு எங்க போயிரும், என் கூடத்தான இருக்குதுன்னு."

கனகமணி கட்டைப் பிரித்துப் பார்த்தாள். மேலோட்டமான, சுத்தமான, சிவந்து ஆறி வருகிற புண். சலைன் ஊற்றிக் கழுவி, காஸ் துணி வைத்துக் கட்டி, குதிகால் மெத்தையில் அழுந்தாமல் பார்த்துக்கொண்டால் போதும். அவளும் மாலதியும் இதே வார்டில் இப்படிப்பட்ட நூறு புண்ணை அப்படித்தான் ஆற்றினார்கள்.

எழுதிக் கொடுத்தது இந்து. வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆன பெண். பிப்ரவரி வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தவள்.

"யாரு இதச் சொன்னது உனக்கு?"

"நீங்க நடத்துன கிளாஸ்லதானுங்க சிஸ்டர். எந்தப் புண்ணுக்கும் இதுதான் பெஸ்ட்டுன்னு."

"சொன்னவங்க எந்தக் கம்பெனின்னு தெரியுமா?"

"கம்பெனியா?" இந்து விழித்தாள். "நம்ம ஆஸ்பத்திரி சிஸ்டர்ன்னுதானுங்க சொன்னீங்க."

இந்துவைத் திட்ட வழியில்லை. 'மிகவும் உண்டு' என்று கோடு போட்டு எழுதியவளும் அவள்தான்.

ஆகஸ்ட் வகுப்புக்கான தாள்கள் கனகமணியின் மேஜையில் இருந்தன. மாலதிக்கு எட்டாம் தேதி தோது என்று ஏற்கெனவே பேசி முடித்திருந்தது. அன்று சாயங்காலம் அவள் தன் தாளை எடுத்து, நான்கு வருஷத்தில் முதல் முறையாக 'உண்டு' என்று டிக் செய்தாள். 'மற்றவை' என்ற இடத்தில், 'பாடம் எடுக்க வரும் மாலதி என் தோழி. அவள் வருவதில் எனக்கு ஆர்வம் உண்டு. அதனால்தான் அவளை அழைத்தேன். அவள் கம்பெனி பெயரை வகுப்பில் சொல்லாமல் விட்டதும் நானே' என்று எழுதினாள். எழுதியதைத் திரும்பப் படித்தபோது, கீர்த்திவாசனின் தப்பான சொல் அவள் விஷயத்துக்கு மட்டும் கச்சிதமாகப் பொருந்தியிருந்தது.

தாளைப் படித்த நர்சிங் சூப்பரின்டென்டன்ட் சசிரேகா கண்ணாடியைக் கழற்றினாள்.

"கம்பெனில இருந்து உங்களுக்கு ஏதாச்சும் கிஃப்ட்?"

"இல்லீங்க மேடம். ஒருதடவ மாலதி மிக்சர் வாங்கிட்டு வந்தா. அதையும் அவளே தின்னுட்டா."

"அப்புறம் உங்களுக்கு இதுல என்னங்க ஆதாயம்?"

"அவ வர்றதுதானுங்க."

சசிரேகா தாளை இன்னொரு முறை பார்த்தாள். சம்பளம், பங்கு, பரிசு, பயணச் செலவு என்று எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. இதற்கு இல்லை. "பணம்னா ஒரு மெமோவோட முடிச்சிரலாம்," என்று சொல்லிவிட்டுப் பேனாவை எடுத்தாள். இனி பாடம் எடுப்பவரைத் தேர்ந்தெடுப்பது மூன்று பேர் கமிட்டி. கம்பெனி ஆட்கள் பாடம் எடுக்கக் கூடாது. ஆகஸ்ட் வகுப்பைக் கனகமணியே எடுப்பது. தாளின் தமிழைத் திருத்துவது. நான்கையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

மாலதிக்குப் போனில் சொன்னபோது முதலில் சிரிப்புத்தான் கேட்டது.

"ஏண்டி கனகு, நான் கம்பெனி பேர மறைச்சனா? எழுதித்தானே குடுத்தேன்."

"நாந்தான் சொல்லல."

"ஏன் சொல்லல?"

"சொன்னா உன்னக் கூப்பிட உட மாட்டாங்க."

"எந்தப் புண்ணுக்கும்னு சொன்னது என் தப்பு," என்றாள் மாலதி. "ஸ்லைடு அவங்க குடுக்கறது. படிச்சுப் படிச்சு எனக்கே நெசம்னு ஆயிப் போச்சு." பிறகு, "அப்ப எட்டாந்தேதி நான் வர வேண்டாம்."

"பாடத்துக்கு வர வேண்டாம்."

"பாடத்துக்கு இல்லாம பின்ன எதுக்கு வர்றதுன்னு எங்கூட்டுல கேப்பாங்கல்ல?"

சிநேகிதியைப் பார்க்கப் போவதற்குக் கட்டம் இல்லாத தாள் கோயமுத்தூரிலும் இருந்தது.

எட்டாம் தேதி அவளே வகுப்பெடுத்தாள். எனக்கு எந்தக் கம்பெனியும் இல்லை, சலைனும் காஸும்தான் என்று தொடங்கினாள். ஒரு மணி நேரம் பேசினாள். எல்லோரும் நன்றாக இருந்தது என்றார்கள். ராசு கூடத் தூங்கவில்லை. வகுப்பு முடிந்ததும் பழக்கத்தில் வாசலில் கார் நிற்கிறதா என்று பார்த்தாள். ஆம்புலன்ஸ் நின்றது. அந்த வாரம் அவள் கம்பளியை வெளியே போடவில்லை.

செப்டம்பரில் மாலதியே கூப்பிட்டாள்.

"ஞாயித்துக்கிழமை வரலாம்னு பாத்தேன்டி. மச்சான் கார் குடுக்கறாரு. ஆனா கார்ல மலையேறணும்னா ஆன்லைன்ல இ-பாஸ் எடுக்கணும். என்னத்துக்கு வர்றீங்கன்னு கேக்குது. டூரிஸ்ட்டாம், பிசினஸாம், விசேஷமாம். எதப் போடறது?"

கனகமணி யோசித்தாள். இதற்கு மேல் இன்னொரு தாளில் பொய் எழுதிப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை.

"பஸ்ல வா. பஸ்ல வர்றவங்கள யாரும் ஒண்ணும் கேக்கறதில்ல."

பஸ் என்றால் மாலதிக்கு வாந்தி. முதல் வளைவில் முகம் மாறி, மூன்றாவதில் தலை வெளியே போய்விடும். ஹாஸ்டலில் இருந்து ஒருமுறை குன்னூருக்கு வந்தபோது, பாதி மலையில் பர்லியாரில் இறங்கி, இனி நடந்தே வருகிறேன் என்று உட்கார்ந்துவிட்டவள். கம்பெனியில் சேர்ந்த பிறகு காரில்லாமல் அவள் மலையேறியதில்லை.

"கொலகாரி," என்று போனை வைத்தாள். வருவதாகவும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை கனகமணி கம்பளியை வெளியே போட்டுவிட்டு, கீழே போகிற பஸ்ஸில் ஏறி பர்லியாரில் இறங்கினாள். கைப்பையில் இரண்டு எலுமிச்சம்பழமும் ஒரு பிளாஸ்டிக் பையும் இருந்தன. மங்குஸ்தான் விற்பவள் பக்கத்தில் நின்று ஒவ்வொரு பஸ்ஸாகப் பார்த்தாள். முதல் பஸ்ஸில் சுற்றுலா வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள். இரண்டாவதில் மூன்று பேர் இறங்கி டீ குடித்துவிட்டு ஏறிக்கொண்டார்கள். மூன்றாவது நிற்கவே இல்லை. யாருக்குங்க காத்துட்டு இருக்கீங்க என்று பழக்காரி கேட்டாள். ஒரு சிஸ்டர் வரணும் என்றாள். பழைய உண்மையின் அதே பாதி. பழக்காரிக்கு அது போதும் என்று நினைத்தாள். பிறகு, "என் சிநேகிதி" என்று முடித்தாள்.

பதினொன்றரைக்கு வந்த பஸ்ஸின் கடைசி ஜன்னலில் ஒரு தலை தொங்கிக்கொண்டிருந்தது.

மாலதி கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். உதடு வெளுத்திருந்தது; சேலைத் தலைப்பு நனைந்திருந்தது. எலுமிச்சம்பழத்தை வாங்கி முகர்ந்தாள். கொஞ்சம் மூச்சு வந்ததும் மேலே போகிற ரோட்டைப் பார்த்துத் தலையாட்டினாள்.

"இதுக்கு மேல என்னால ஆகாதுடி. மூணரை பஸ்ஸுக்குக் கீழ எறங்கோணும். ஊட்டுல சொல்லாம வந்துட்டேன்."

கம்பளி மேலே குன்னூரில் கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது. கனகமணி அதைச் சொல்லவில்லை. சரி என்று, அவள் கைப்பையைத் தான் வாங்கிக்கொண்டாள். மூன்றரைக்கு இன்னும் நான்கு மணி நேரம் இருந்தது.

பழக்காரியின் குடைக்குக் கீழே உட்கார்ந்த பிறகு மாலதி கேட்டாள்:

"எங்கயாச்சும் கையெழுத்துப் போடோணுமா?"