நின்றுபோன மருந்துக்காகப் பல்லடம் வரை

சென்ற ஆடியில் நாங்கள் போன பயணத்தை யாரும் விரும்பிப் போகமாட்டார்கள். ஆனாலும் எங்களைப் போல ஒரு மருந்தைத் தேடி அலைகிறவர்கள் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

என் கணவருக்கு மல்டிபிள் மைலோமா, எலும்பு மஜ்ஜையில் வரும் புற்றுநோய். பொள்ளாச்சியில் கொப்பரை வியாபாரம் செய்கிறார். முதலில் கொடுத்த மருந்துகள் பலிக்காமல் போன பிறகு ஒரு காப்ஸ்யூல்தான் அவரை நடமாட வைத்தது. வீட்டிலேயே விழுங்கிவிட்டு, கொப்பரை காயும் உலர்களத்துக்குப் போய்விடுவார். அதைத் தயாரிப்பதையே நிறுத்திவிட்டார்கள் என்று ஒருநாள் மருந்துக்கடையில் சொன்னார்கள். (பெயரை எழுதவில்லை. எழுதினால் தேடக் கிளம்பிவிடுவீர்கள்.)

மாற்று மருந்து பற்றிப் பேச டாக்டர் கோவைக்கு வரச் சொல்லியிருந்தார். அதற்குள் பல்லடத்திலிருந்து சரஸ்வதி போன் செய்தார். அவர் கணவர் பழனிசாமி கோழிப்பண்ணை வைத்திருப்பவர். அவருக்கும் இதே நோய், இதே காப்ஸ்யூல். ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் நேரங்களில் தேங்காய் விலையும் முட்டை விலையும் பேசிப் பேசி என் கணவரும் அவரும் நெருங்கிவிட்டிருந்தார்கள்.

"எங்கூட்டுல பிரிக்காத பெட்டி ஒண்ணு இருக்குதுங்க. அவருக்கு இனி வேண்டாங்க. வந்து எடுத்துக்குங்க," என்றார் சரஸ்வதி. பழனிசாமிக்கு வேறு மருந்து தொடங்கிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டோம்.

பொள்ளாச்சியிலிருந்து நெகமம், சுல்தான்பேட்டை வழியாகப் பல்லடம் சுமார் நாற்பத்தைந்து கிலோமீட்டர். பஸ் உண்டு. ஆனால் இந்த நோயில் முதுகெலும்பு குலுக்கல் தாங்காது என்பதால் வாடகைக் கார் பிடித்தோம். காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். பழனிசாமிக்கு என்று ஒரு குலை இளநீரை டிக்கியில் வைத்திருந்தார் கணவர். வேகத்தடை வரும்போதெல்லாம் டிரைவர் காரை ஊர்ந்துதான் ஏற்றினார். வழியெல்லாம் காற்று காரைத் தள்ளியது. வெகுநாளுக்குப் பிறகு இவர் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தார்.

அந்த வீட்டு ஹாலில் பழனிசாமியின் படத்துக்கு மாலை போட்டிருந்தது. நுரையீரலில் கிருமி தொற்றி நாலே நாளில் போய்விட்டாராம்.

"போன்ல சொல்ல வாய் வரலீங்கண்ணா," என்றார் சரஸ்வதி.

இவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். காபி ஆறிப்போனது. சரஸ்வதி பீரோவிலிருந்து பெட்டியை எடுத்து என் கையில் கொடுத்தார். கிளம்பும்போது இவர் டிரைவரிடம் மெதுவாகச் சொல்லி இளநீரை வாசலில் இறக்கி வைத்தார்.

டாக்டரைப் பார்க்க அங்கிருந்தே கோவைக்குப் போனோம். முப்பத்தைந்து கிலோமீட்டருக்குச் சற்று மேல். நல்ல சாலை. இவர் கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டார்.

டாக்டர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இன்னொருவருக்குக் கொடுத்த மருந்தைத் தன்னால் கொடுக்க முடியாது, கொடுத்தாலும் மூன்று வாரத்துக்குத்தான் வரும், அதற்காக மாற்றுச் சிகிச்சையைத் தள்ளிப்போட்டால் நோய் முந்திக்கொள்ளும் என்றார். வேறு மாத்திரைகள் சிலவற்றை இவர் ஏற்கெனவே சாப்பிட்டுப் பார்த்தாயிற்று. சிறுநீரகத்தின் நிலையையும் பார்த்து, வாராவாரம் தோலுக்கடியில் போடும் ஊசியை முடிவு செய்தார்.

"மூணு வாரமாச்சும் களத்துக்குப் போவேனுங்களே," என்று கேட்டுப் பார்த்தார் இவர். பிறகு அவரே பெட்டியை ஆஸ்பத்திரி மருந்தகத்தில் ஒப்படைத்தார்.

சாயங்காலம் சரஸ்வதி போன் செய்து, மருந்து சாப்பிட்டாரா என்று கேட்டார். இவர் போனை வாங்கி உள்ளதைச் சொன்னார்.

"அவரு பாதியில உட்டுப்போட்டுப் போனதுங்க. நீங்களாச்சும் முடிப்பீங்கன்னு இருந்தேனுங்கண்ணா," என்றார் சரஸ்வதி.

இவர் போனை என் கையில் கொடுத்துவிட்டார்.

ஊசி இப்போது நடக்கிறது. ரத்தப் பரிசோதனை முடிவுகள் பரவாயில்லை. உலர்களத்தை மட்டும் குத்தகைக்கு விட்டுவிட்டோம். அதற்கு வேறு வழி தெரியவில்லை.

உங்கள் மருந்தும் நின்றுபோனால் முதலில் டாக்டரிடம் போங்கள். கடை கடையாகத் தேடுவது பிறகு இருக்கட்டும். பழைய ரிப்போர்ட்டுகள் எல்லாம் கையில் இருக்கட்டும். பஸ்ஸில்தான் போக வேண்டுமென்றால் பின் சீட்டில் மட்டும் உட்காராதீர்கள்.

பல்லடத்துக்குத் துக்கம் விசாரிக்க என்றே ஒருமுறை போய்வர வேண்டும் என்கிறார் இவர். அன்று போனது மருந்துக்காக அல்லவா. ஊசி போட்ட மறுநாள் எழுந்திருக்கவே முடிவதில்லை. மற்ற நாட்களில் ஏதாவது வந்துவிடுகிறது. இன்னும் போகவில்லை.