குற்றாலத்தில் சாத்தியிருந்த கதவு

யுத்தம் நடந்துகொண்டிருந்த ஒரு வருஷம், ஆடி மாதச் சாரல் சமயத்தில் குற்றாலத்தில் நடந்தது இது. பேரருவிக்குப் போகும் தெருவில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்துத் தங்கியிருந்தோம். ஆசையாகக் குளிக்க வந்தவர்கள் இல்லை நாங்கள். அம்மாவுக்குத் தூக்கம் வரவேண்டுமே என்று வந்தவர்கள்.

சித்திரையில் அம்மாவைப் படுக்கையில் தள்ளிய விஷக்காய்ச்சல் ஒருவழியாக இறங்கிவிட்டது. போன தூக்கம் மட்டும் திரும்பவில்லை. உள்ளங்கால் எரிகிறது என்று சுவரில் காலை ஒட்டவைத்துக்கொண்டு விடிய விடிய விழித்துக் கிடப்பாள். தூக்கத்துக்குக் கொடுத்த மருந்து வயிற்றில் தங்கவில்லை. தூங்காவிட்டால் இந்த உடம்பு தாங்காது என்று தென்காசி டாக்டர் கையை விரித்துவிட்டார். சாரல் காற்று பட்டால் நல்லது, அருவிக்கு மட்டும் கூட்டிப்போகாதீர்கள் என்றார். இலத்தூரில் வாக்கப்பட்டிருந்த நான் மாமியாரிடம் கெஞ்சிக் கேட்டுக்கொண்டு துணைக்கு வந்திருந்தேன்.

அப்பா ராயகிரிப் பக்கம் நிலபுலன் உள்ளவர். அவர் செருப்புச் சத்தம் கேட்டால் வேலைக்காரர்களுக்கும் முந்தி அம்மா எழுந்து நிற்பாள். இருவரும் ஒரு பாயில் உட்கார்ந்து நான் கண்டதில்லை. அம்மாவிடம் அவர் பேசுவதெல்லாம் "கஞ்சி குடிச்சியா" என்ற மட்டில்தான். அதையும் வாசலைப் பார்த்துக்கொண்டுதான் கேட்பார்.

அப்படிப்பட்டவர் குற்றாலம் வந்த மறுநாளே அருவிக்கரையில் ராஜா மாதிரி உட்கார்ந்துவிட்டார். பெண்கள் பக்கம் குளிக்கப் போன நான் கண்ணால் பார்த்தேன். எண்ணெய் தேய்த்துவிடுகிறவர் ஒருவர் முன்னால் அப்பா பாறையில் காலை நீட்டியிருந்தார். அந்த மனிதர் ஒவ்வொரு விரலாக நீவி, உள்ளங்காலைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருந்தார். அப்பா விட்டபாடில்லை. இங்கே, அங்கே என்று விரலை நீட்டிக் காட்டி மறுபடியும் பிடிக்கச் சொன்னார். ஒரு தடவை அந்த மனிதரின் கட்டைவிரலையே பிடித்துத் திருப்பிப் பார்த்தார். தினமும் காலையில் இதே கதை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டில் ஒருத்தி கண்மூட வழியில்லாமல் துடிக்கிறாள், இவருக்குச் சொகுசு கேட்கிறது.

அம்மாவின் காலை நான் பிடித்துப் பார்த்தேன். "விடுட்டி, கூசுது" என்று இழுத்துக்கொண்டாள். கடைசியில் வாயைத் திறந்து அப்பாவிடமே கேட்டுவிட்டேன்.

"அந்த ஆளை இங்கன வரச்சொல்லி அம்மைக்கும் பிடிச்சுவிடச் சொல்லலாம்லா?"

"வீட்டுப் பொம்பளை காலை அசல் ஆம்பளை தொடுததா? பேச வந்துட்டா பேச்சு" என்று எரிந்து விழுந்தார். அதோடு அவரிடம் பேசுவதையே நிறுத்திக்கொண்டேன்.

ஒருநாள் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும், பக்கத்து வீட்டம்மாளோடு தென்காசிக் கோயிலுக்குப் போய்வா, வண்டி சொல்லியிருக்கிறேன் என்றார் அப்பா. வேண்டாவெறுப்பாகத்தான் கிளம்பினேன். மேலகரம் தாண்டுவதற்குள் வண்டியின் அச்சு முறிந்தது. சாரலில் நனைந்தபடி நடந்தே திரும்பினோம். அந்த அம்மாள் தன் வீட்டுக்குள் போய்விட்டாள். எங்கள் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது, தாழ் போடவில்லை. அம்மா விழித்துத்தானே கிடப்பாள் என்று மெதுவாகத் தள்ளினேன்.

அப்படியே விறைத்துப்போய் நின்றுவிட்டேன்.

அப்பா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் மடியில் அம்மாவின் கால். பக்கத்தில் எண்ணெய்க் கிண்ணம். அம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு படுத்திருக்கிறாள். இதைப் படிக்கிற இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். புருஷன் மேல் கால் தவறிப் பட்டாலே தொட்டுக் கும்பிட்டுவிட்டு அன்றெல்லாம் மனசு கிடந்து அடித்துக்கொள்கிற காலம் அது.

"பாவம் எனக்குல்லா சேரும்" என்று தலைப்புக்குள்ளிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

"சேர்ந்தா ஆளுக்குப் பாதி. காலை இழுக்காத" என்றார் அப்பா. அவருக்கு அப்படி ஒரு குரல் இருப்பதே எனக்குத் தெரியாது.

அருவிக்கரையில் அந்த மனிதர் செய்தது போலவே ஒவ்வொரு விரலாக நீவினார். நடுப்பாதத்தில் கட்டைவிரலை வைத்து நிதானமாக அழுத்தினார். அழுத்தம் கூடிப்போனதோ என்று அம்மாவின் பக்கம் பார்த்துக்கொண்டார். காலைதோறும் எதற்குப் போனார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதோடு பயமும் வந்தது. மகள் பார்த்துவிட்டாள் என்று தெரிந்தால் அம்மா செத்தாலும் இனிக் காலைக் கொடுக்கமாட்டாள். கண்ணாடி வளையல்களைச் சத்தம் வராமல் முழங்கைப் பக்கம் ஏற்றிக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி பின்னால் நகர்ந்தேன். கதவைப் பழையபடி சாத்திவிட்டுத் தெருவில், எதிர்வீட்டு இறவாரத்தின் கீழே மழைக்கு ஒதுங்கி நின்றேன்.

வெகுநேரம் கழித்து அப்பா வந்தார். என்னைக் கண்டதும் எண்ணெய்க் கையைத் துண்டுக்குள் மறைத்தார். முகம் வெளுத்துவிட்டது.

"எப்பம் வந்தே?"

"இப்பந்தாம்பா வாரேன்."

"கோயில்ல கூட்டமோ?"

"ஆமா, நல்ல கூட்டம்."

நனைந்து நிற்கிற என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, "சத்தம் போடாம உள்ள போ. உங்கம்மை தூங்குதா" என்றார்.

அம்மா வாயைத் திறந்துகொண்டு குறட்டைவிட்டுத் தூங்கினாள். அவள் தலைமாட்டில் உட்கார்ந்து அழுதேன்.

ஆடி முடிவதற்குள் அம்மா எழுந்து நடமாடினாள். காற்றா, கஞ்சியா, டாக்டரின் மருந்தா, எது அவளைத் தேற்றியது என்று அடித்துச் சொல்ல நான் வைத்தியர் இல்லை. தூக்கம் எங்கிருந்து வந்தது என்று மட்டும் எனக்குத் தெரியும். ஊருக்குத் திரும்பியதும் அப்பா பழைய அப்பாவாகிவிட்டார், செருப்புச் சத்தத்துக்கு அம்மா எழுந்து நின்றாள்.

இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவர்கள் இருக்கும்வரை இதை நான் யாரிடமும் மூச்சுவிட்டதில்லை. அப்பா அம்மாவின் காலைப் பிடித்தது அன்றைக்கு எனக்குப் பெரிய அதிர்ச்சி. ஆனால், ஊரையே மிரட்டிய மனிதர், பெண்டாட்டியைத் தூங்கவைத்துவிட்டு, திருடிப் பிடிபட்டவர் போல் பெற்ற மகளைப் பார்த்து நடுங்கினாரே, அதுதான் இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் என்னை உலுக்குகிறது.