அண்ணி போட்டுக்கொண்ட என் ஊசி

பேராதனையில் கலஹா பஸ்ஸுக்கு வரிசையில் நின்றபோது, எனக்கு முன்னால் நின்ற மனிதருக்கும் எனக்கும் நடுவில் ஒரு மீட்டர் இடம் விட்டேன். நான் வேலை செய்யும் ஊரில் அப்படித்தான் நிற்பேன். கால் தானாகவே நின்றுவிட்டது. ஒரு நிமிடத்துக்குள் அந்த இடத்தில் மூன்று பேர் வந்து நின்றார்கள். அதில் ஒருவர் பலாக்காயோடு வந்தார். யாரும் என்னை ஏமாற்றவில்லை. இடம் காலியாகக் கிடந்தது, வந்து நின்றார்கள், அவ்வளவுதான். நான் மறுபடியும் இடம் விட்டேன். இன்னும் இரண்டு பேர். இப்படியே ஒழுக்கமாக நடந்து இரண்டு பஸ்களைத் தவறவிட்டேன். மூன்றாவது பஸ்ஸில் கொண்டக்டர் "இஸ்ஸரஹட்ட யன்ட" என்று சிங்களத்தில் சொல்லி, சொன்னது போதாதென்று முதுகில் கைவைத்து முன்னால் தள்ளினார். பஸ்ஸில் மாஸ்க் இல்லாதவர் ஒருவரும் இல்லை. தாடையில், கழுத்தில், ஒரு காதில், முழங்கையில் என்று எல்லோரிடமும் இருந்தது. மூக்கில்தான் இல்லை.

சைப்ரசில் லிமசோல் என்ற ஊரில் ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்வது என் வேலை. கலஹாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் பிறந்து, அங்கேயே கொழுந்து எடுத்து, எட்டு வருடத்துக்கு முன்னால் கப்பலேறாமல் விமானம் ஏறியவள் நான். கொரோனாக் காலத்தில் லிமசோலில் பாண் வாங்கப் போவதற்கே அரசாங்கத்துக்கு போனில் செய்தி அனுப்ப வேண்டும். கடைக்கு ஒரு எண், மருந்துக்கு ஒரு எண், நாயை உலாத்த ஒரு எண். சரி என்று பதில் வந்தால்தான் வாசல் தாண்டலாம். தோட்டத்துத் துரையிடம்கூட நான் இவ்வளவு அனுமதி கேட்டதில்லை. அந்தச் சனங்கள் முணுமுணுத்துக்கொண்டே அனுப்பினார்கள். ஆனால் ஊசி வந்ததும் அதே சனத்தில் ஒரு பகுதி தெருவில் இறங்கி, என் உடம்பு என் உரிமை என்று கத்தியது. எங்கள் பக்கம் தலைகீழ். சட்டம் எல்லாம் தாடைக்குக் கீழே. ஆனால் ஊசி வருகிறது என்று கேட்டதும் விடியும் முன்னே குடையும் தேத்தண்ணிப் போத்தலுமாக வரிசை. ஊசியில் நம்பிக்கை வைத்து நின்றார்கள் என்று நினைக்க வேண்டாம். கொடுப்பதை இந்த முறை வாங்காவிட்டால் அடுத்த முறை நம்மைக் கூப்பிடமாட்டார்கள். தோட்டத்தில் பிறந்தவனுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

இப்படி எழுதுகிறவள் முதல் ஆளாகக் கையை நீட்டியிருப்பாள் என்று நினைப்பீர்கள். இல்லை. நான் பயந்தாங்கொள்ளி. கிழவியின் பெயர் மரூலா. கிரியா மரூலா என்று மரியாதையாகக் கூப்பிடுவேன். ஊசி பற்றிப் பேச்சு வந்த அன்று அவள் என்னைப் பார்த்து "எசி ப்ரோத்தி" என்றாள். நீ முதலில் என்று அர்த்தம். அவள் சாப்பாட்டு மேசையிலும் அப்படித்தான் சொல்வாள், விருந்தாளிதான் முதலில் எடுக்க வேண்டும் அவளுக்கு. நான் அதை உபசாரம் என்று நினைத்து, பெரியவர் இருக்கும்போது எனக்கென்ன அவசரம் என்று பணிவாக மறுத்தேன். அவளும் விடாமல் உபசரித்தாள். மாதக்கணக்கில் இந்த மரியாதை நடந்தது. பிறகுதான் விளங்கியது, எனக்கு ஏதாவது ஆகிறதா என்று பார்த்துவிட்டுப் போடலாம் என்பது அவள் திட்டம். என் திட்டமும் அதுதான். கண்டிக்காரியும் சைப்ரஸ்காரியும் இந்த விஷயத்தில் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்.

இந்த லட்சணத்தில் நான் ஊரில் இருக்கும் அண்ணியை போனில் பிடித்து ஏசிக்கொண்டிருந்தேன். என் அண்ணன் இறந்து பல வருடம். தோட்டம் கொடுத்த லயத்து வீட்டில் அண்ணி லெச்சுமி மட்டும்தான் இருக்கிறாள். அவளுக்கு நெஞ்சுச்சளி உண்டு. கொத்தமல்லி அவித்துக் குடிக்கிறேன், அது போதும் என்றாள். கொத்தமல்லி ரசத்துக்குத்தான், போய் ஊசியைப் போடுங்க, போடாட்டி என்கூடப் பேசாதீங்க என்று கத்தினேன். அவள் அமைதியாக, நீ போட்டுட்டியா என்று கேட்டாள். ஆமா ஆமா, எப்பவோ போட்டாச்சு என்றேன். பொய் என் வாயிலிருந்து வந்த வேகத்தில் உண்மை ஒருநாளும் வந்ததில்லை.

விமான நிலையம் திறந்து நான் லீவில் கிளம்பியபோது கிரியாவின் மகள் கறாராகச் சொன்னாள்: ஊசிச் சான்று இல்லாமல் திரும்பி வராதே. வேலை போய்விடும் என்பது அதன் பொருள். கிழவி வேறு மாதிரிச் சொன்னாள். வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, உன் நாட்டில் போட்டுக்கொண்டு வா, உனக்கு ஒன்றும் ஆகாவிட்டால் அடுத்த நாளே நானும் போடுகிறேன் என்றாள். எண்பது தாண்டிய உடம்பு, பாதி நுரையீரல். அந்த வருடத்து நோய் அவள் வாசலுக்கு வந்திருந்தால் உள்ளே வந்து உட்கார்ந்திருக்கும். அவள் நம்பியது டாக்டரை இல்லை, அரசாங்கத்தை இல்லை, என் கையை.

ஆகவே வந்த மூன்றாம் நாளே, அண்ணிக்குத் தெரியாமல், தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நடந்த ஊசி முகாமுக்குப் போனேன். என் அடையாள அட்டையை வீட்டு அலுமாரியில்தான் விட்டுப் போயிருந்தேன். அதை எடுத்துக்கொண்டு போய் நீட்டினேன். சிங்கள நர்ஸ் மிஸ்ஸி புத்தகத்தைப் புரட்டினாள், விரலால் தேடினாள், நிமிர்ந்தாள்.

"அக்கா ரெண்டு ஊசியும் போட்டதுதானே. இங்க எழுதியிருக்கு. மூணாவதுக்கு இன்னும் நாள் வரல்ல."

நான் போடவில்லை என்றேன். கையெழுத்தைக் காட்டினாள். என் பேர், என் இலக்கம், பக்கத்தில் ஒரு கோணல் கையெழுத்து. அந்தக் கோணலை எனக்குத் தெரியும். மிஸ்ஸி இரக்கத்தோடு, காய்ச்சல் வந்தால் சிலபேருக்கு மறந்துபோகும் என்று ஆறுதல் சொல்லி அனுப்பினாள்.

தண்ணீர்ப் பீலியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அண்ணியிடம் போய், என் பேரில் ஊசி போட்டது யார் என்று கேட்டேன். அவள் வெட்கமே இல்லாமல் கரித்துணியை உதறினாள்.

"நான்தான். மொத ரெண்டு முகாமுல என் பேருக்கு ரெண்டும் போட்டேன். ரெண்டு மாசம் கழிச்சு வந்த ரெண்டு முகாமுல உன் பேருக்கு. எனக்கு எடது கை, உனக்கு வலது கை. ஒண்ணோட ஒண்ணு கலந்துறக் கூடாதில்ல."

"உங்களுக்குப் பைத்தியமா அண்ணி? நான் அங்க போட்டுட்டேன்னு சொன்னேனே."

"அங்க உன் கைக்குப் போட்டாங்க. இங்க உன் பேருக்கு யாரு போடுவா?"

தோட்டம் தெரியாதவர்களுக்கு இதை விளக்க வேண்டும். காலையில் பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிடும்போது 'இருக்கேன்' என்று ஒரு குரல் வர வேண்டும். பல நாள் குரல் வராவிட்டால் செக்ரோல் புத்தகத்திலிருந்து பேர் விழுந்துவிடும். பேர் விழுந்தால் லயத்து வீடும் போய்விடும் என்ற பயம் எங்கள் இரத்தத்தில் இருக்கிறது. அதனால் வீட்டில் ஒருத்தி வெளியே போனால் இன்னொருத்தி சில நாள் அவள் பேரில் நின்று கொழுந்து எடுப்பாள். கணக்கப்பிள்ளைக்கும் தெரியும். கூடை நிறைந்தால் சரி, கை யாருடையது என்று அவர் கேட்பதில்லை. எட்டு வருடமாக என் பேரில் அண்ணிதான் நிற்கிறாள். ஊசி முகாமிலும் ஒரு புத்தகம், ஒரு பேர்ப்பட்டியல். என் பேரைக் கூப்பிட்டபோது யாரும் 'இருக்கேன்' என்று சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அவள் யோசித்திருக்கிறாள். ஊசியைக் கண்டாலே கண்ணை மூடிக்கொள்கிறவள், நான்கு முறை கண்ணை மூடியிருக்கிறாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இது மருந்து, கொழுந்து இல்லை, உங்கள் உடம்பு என்ன ஆகியிருக்கும் என்று பீலியடியில் நின்று கத்தினேன். கத்திக் கத்தி, கடைசியில் என் பொய்யும் வெளியே வந்து விழுந்தது. நான் எங்கேயும் போடவில்லை என்றேன். அண்ணி பாத்திரத்தை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அப்ப ரெண்டு தேசத்துக்கும் நான்தான் போட்டிருக்கேன். நல்ல நாத்தனா."

உள்ளே போய் என் பேர் எழுதிய ஊசி அட்டையைக் கொண்டுவந்தாள். சாமிப் படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருந்தாள். அதைப் பார்த்ததும் எனக்குள் இருக்கும் பயந்தாங்கொள்ளி குதித்தாள். அட்டை கையில் இருக்கிறது. மகளுக்கு அது போதும். வேலை தப்பியது. ஊசியும் வேண்டாம். ஒரு நாள் முழுக்க இந்த யோசனையோடு நிம்மதியாக இருந்தேன். மறுநாள் கிழவியின் நினைப்பு வந்து கெடுத்தது. அவள் அட்டையைப் பார்க்க மாட்டாள், கையைப் பார்ப்பாள். ஊசி ஏறாத கையைக் காட்டி, பார் எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொல்ல வேண்டும். பொய் சொல்ல நான் தயங்குகிறவள் இல்லை. ஆனால் அந்தப் பொய்யை நம்பி ஒரு கிழவி உடம்பைக் கொடுப்பாள். மிஸ்ஸியிடம் உண்மையைச் சொல்லிப் போட்டுக்கொள்கிறேன் என்றேன். அண்ணி முகம் செத்துப்போனது. சொன்னால் இரண்டு பேருடைய பேரும் விழும் என்றாள். பிறகு அவளே வழி சொன்னாள், பெரட்டுக்கு ஆள் அனுப்புவது போல, சாதாரணமாக. அவளுடைய மூன்றாவது ஊசிக்கு நாள் வந்துவிட்டது. அவளுக்கு நான்கு ஏறியிருக்கிறது, போதும்.

"உன் பேருக்கு நான் நின்னேன். என் பேருக்கு நீ போய் நில்லு."

கலஹா டவுன் முகாமுக்குப் போனேன். மாஸ்க் போட்டால் எல்லாத் தோட்டத்துப் பெண்ணுக்கும் ஒரே முகம். மாஸ்க்கை ஒழுங்காக மூக்குவரை போட்டிருந்தது அன்று அந்த மண்டபத்தில் நான் ஒருத்திதான். அண்ணியின் இலக்கம், பிறந்த திகதி எல்லாம் பாடமாக்கியிருந்தேன். பதிவு எழுதிய தமிழ்ப் பையன் கடைசியாகப் புருஷன் பேரைக் கேட்டான். "பழனியாண்டி" என்று கணீரென்று சொன்னேன். என் அண்ணன் பேர்தானே, சின்ன வயதிலிருந்து வாய் கிழியக் கூப்பிட்ட பேர். அவன் பேனாவை நிறுத்தினான்.

"அம்மா, உங்க வயசுல தோட்டத்து ஆளுங்க புருஷன் பேரக் கேட்டா அட்டையத்தான் நீட்டுவாங்க. வாயால சொல்ல மாட்டாங்க."

உண்மைதான். அண்ணி ஒருநாளும் அந்தப் பேரை உச்சரித்ததில்லை. வெளிநாட்டில் எதற்கெடுத்தாலும் பேர் சொல்லிச் சொல்லி நான் அதை மறந்திருந்தேன். பின்னால் வரிசை முழுக்கக் காதைத் தீட்டியது.

"அவரு போய்ச் சேர்ந்துட்டாரு தம்பி. இனி யாரு கோவிச்சுக்கப் போறா? எழுதுங்க."

எழுதினான். இடது கையில் போட்டார்கள். அன்று மாலையே காய்ச்சல் வந்து கம்பளிக்குள் சுருண்டேன். அண்ணி கொத்தமல்லித் தண்ணியோடு பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்றுக்கே இப்படியா என்று இரண்டு நாள் ரசித்தாள்.

லீவு முடிந்து திரும்பியதும் லிமசோலில் மகள் அட்டையைப் படம் பிடித்துக்கொண்டாள். கிழவி என் சட்டைக் கையை மேலே தள்ளி, விரலால் அழுத்தி, வலிக்கிறதா என்று கேட்டாள். காய்ச்சல் வந்தது, போய்விட்டது என்றேன். முதல் முறையாக உண்மை. அடுத்த வாரம் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். கதிரைக்குப் பக்கத்தில் போனதும் அவள் நின்று என்னைப் பார்த்து "எசி ப்ரோத்தி" என்றாள். நான் உட்கார்ந்தேன். அட்டைக்கு அது மூன்றாவது, அதற்கு நாளும் வந்திருந்தது; என் கைக்கு இரண்டாவது. பிறகு அவள் உட்கார்ந்தாள். என் விரல்களை நெரித்தாளே தவிர முனகவில்லை.

கலஹாவில் அண்ணியின் பேருக்கு நேரே எழுதியிருக்கும் ஊசி என் இடது கையில் இருக்கிறது. என் பேருக்கு நேரே எழுதிய இரண்டும் அவள் வலது கையில் இருக்கின்றன, அந்தக் கையால்தான் அவள் இப்போதும் சில நாள் என் பேரில் கொழுந்து கிள்ளுகிறாள். இங்கே விடியாத நேரம், அங்கே பெரட்டு. என் பேரைக் கூப்பிடுகிறார்கள். ஒருத்தி 'இருக்கேன்' என்கிறாள். கொஞ்ச நேரம் கழித்து இங்கே கிரியா விழித்து என் பேரைக் கூப்பிடுகிறாள். நான் 'எர்ஹோமே' என்கிறேன். வந்துகொண்டிருக்கிறேன் என்று அர்த்தம்.