எல்லார் மடியிலும் ஏறுகிற குழந்தை

எழுத எனக்குத் தகுதி இல்லை. பத்தாவதோடு நின்றவள். நாலு பேர் முன்னால் பேசவே வராது. தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருவொற்றியூரில் குழந்தைகள் ஹோம் ஒன்றில் சமையல் வேலை செய்கிறேன். போன வருஷம் ரயிலடியில் தனியாக நின்ற நாலு வயதுப் பெண் குழந்தையைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். ஆறு மாதம் கழித்து, தான்தான் பெற்றவள் என்று சொல்லிக்கொண்டு எண்ணூரிலிருந்து ஒரு பெண் வந்தாள். விசாரிக்கக் குழந்தைகள் நல ஆபீசர் மேடம் வந்திருந்தார். நான் டீ கொண்டுபோனேன்.

அந்தப் பெண் கையை நீட்டினாள். குழந்தை ஓடிப்போய் மடியில் ஏறிக் கழுத்தைக் கட்டிக்கொண்டது. மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்று, குழந்தையை ஒப்படைக்கக் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார்.

ஆனால் எங்கள் ஹோம் பிள்ளைகள் யார் வந்தாலும் அப்படித்தான் ஏறுவார்கள். பிறந்தநாள் கேக் கொண்டுவருகிறவர், கரண்ட் ரீடிங் எடுக்கிறவர், எல்லாரும் ஒன்றுதான். நானும் இப்படி ஒரு ஹோமில் வளர்ந்தவள். ஐந்து வயதில், பழம் கொடுக்க வந்த ஒருத்தர் விரலைப் பிடித்துக்கொண்டு டோல்கேட் வரை போய்விட்டேன். அவர் வா என்று கூப்பிடவில்லை. திரும்பிப் போ என்றும் சொல்லவில்லை. வாட்ச்மேன் ஓடிவந்து தூக்கிப்போனார்.

பேசினால் வேலை போய்விடுமோ என்று பயம். உண்மையிலேயே பெற்றவளாக இருந்துவிட்டால் என்ற பயம் அதைவிட. வெளியே கண்டெய்னர் லாரி போனது, ஜன்னல் அதிர்ந்தது. அந்தச் சத்தம் அடங்குவதற்குள் சொல்லிவிட்டேன்.

"இவ எல்லார் மடியிலயும் ஏறுவா மேடம். நீங்க கூப்ட்டுப் பாருங்க."

அந்தப் பெண் திரும்பினாள். "நீ இன்னா, பெத்தவளா? சோறு ஆக்குறவதானே, வாய மூடிகினு போ."

மேடம் கையை நீட்டினார். குழந்தை இறங்கி வந்து, அவர் மடியில் ஏறி, அதே மாதிரி கழுத்தைக் கட்டிக்கொண்டது.

மேடம் பேனாவை மூடினார். பிறப்புச் சான்றிதழோ ஆஸ்பத்திரிச் சீட்டோ, எது இருந்தாலும் நாளைக்குக் கொண்டுவரச் சொன்னார். அந்தப் பெண் சரியென்று எழுந்தாள். வாசலில் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அது கோபமா அழுகையா, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் அந்தப் பெண் வரவில்லை. காஸ் சிலிண்டர் போட வந்தவரின் காலைக் குழந்தை கட்டிக்கொண்டது.