குதிரைக்காக மாமா வைத்த கையெழுத்து

எங்கள் வீட்டில் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். ஆகவே எட்டு வயதிலேயே 'பப்பியே' என்று வீட்டில் பிரெஞ்சிலேயே சொல்லும் எல்லா அலுவலகத் தாள்களும் என் கைக்கு வந்துவிட்டன. வாடகையோ, காப்புறுதியோ, வதிவிட அட்டையோ, நான் நிரப்பி விரலால் இடத்தைக் காட்டுவேன். பெரியவர்கள் கேள்வி கேட்காமல் கையெழுத்து வைப்பார்கள். அந்த அதிகாரத்தை நான் ஒருமுறை தவறாகப் பயன்படுத்தினேன்.

பத்து வயதில் எங்கள் வகுப்பை ஓல்னே-சூ-புவா என்ற ஊர்ப் பக்கம் ஒரு குதிரைப் பண்ணைக்குக் கூட்டிப்போனார்கள். ஒரு கிழட்டு மண்ணிறக் குதிரை என் சட்டைக் கையை மென்றது. இது இனிச் சவாரிக்கு உதவாது, விற்கப்போகிறோம் என்றாள் பண்ணைக்காரி. யாருக்கு என்று கேட்டேன். அவள் என் சட்டையைத் துடைத்துவிட்டாள்.

பதில் எனக்குத் தெரியும். அம்மாவின் தம்பி, என் மாமா, குதிரை இறைச்சிக் கடையில்தான் வேலை செய்தார். எங்கள் வீட்டுக்கு வந்தால் முதலில் குளித்துவிட்டுத்தான் சோற்றில் கை வைக்கலாம். அது அம்மாவின் சட்டம்.

குதிரைகளை வெட்டுவதைத் தடைசெய்ய வேண்டுமா என்று வகுப்பில் ஒரு விவாதம் அறிவித்தார்கள். நான் வேண்டும் என்ற பக்கம். பேச்சு போதாது என்று முடிவெடுத்து, நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒரு மனு எழுதினேன். 'குதிரை' என்ற பிரெஞ்சுச் சொல்லை மேலே கொட்டை எழுத்தில் எழுதி, கீழே ஒரு குதிரையும் வரைந்தேன். பிறகு வீட்டில் நீட்டினேன். ரூ பஜோல் தெருவில் நம் ஆட்கள் போகும் கோயிலில் வரிசையில் நின்றவர்களிடமும் நீட்டினேன்.

"பிள்ளை, இதிலை என்ன கிடக்கு?" என்று ஒரு மாமி மட்டும் கேட்டார்.

"பள்ளிக்கூடப் பேப்பர், மாமி."

அவரும் வைத்தார்.

கடைசியாக மாமா. பிரெஞ்சு வாசிக்கத் தெரியாத மனிதர் தாளை நெடுநேரம் பார்த்தார். குதிரைப் படத்தை ரசிக்கிறார் என்று நினைத்தேன்.

"உது கிழண்டு போனால் ஆர் புல்லுப் போடுறது?"

"நான் போடுவன்."

"அப்ப சரி" என்று தமிழில் நீளமாகக் கையெழுத்து வைத்தார்.

விவாதத்தன்று நாற்பத்தொரு கையெழுத்துடன் நிமிர்ந்து நின்றேன். எதிர்ப்பக்கத்துச் சிறுமியின் தாத்தா குதிரை வளர்ப்பவர். இங்கே தடுத்தால் லொறியில் ஏற்றி வேறு நாட்டுக்கு அனுப்புவார்கள், இல்லாவிட்டால் தீனி போடாமல் வயலில் விட்டுவிடுவார்கள், அப்போது உன் சட்டம் என்ன செய்யும் என்று கேட்டாள். நான் மனுவை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

அன்று மாலை மனுவில் இரண்டாவது கோரிக்கையை எழுதினேன்: தடைக்கு முன்னர், கிழட்டுக் குதிரைகளுக்கு இடமும் தீனியும் வேண்டும். மனு மாறிவிட்டதால் கையெழுத்தும் திரும்ப வாங்கவேண்டும் என்பது என் நியாயம். இம்முறை ஒவ்வொருவருக்கும் தமிழில் வாசித்துக் காட்டினேன். கோயில் மாமி, "உனக்கு வேறை வேலை இல்லையோ?" என்று பேனாவைத் திருப்பித் தந்தார். நாற்பத்தொன்று பதினேழானது.

மாமாவுக்கு வாசிக்கும்போது தடை என்ற வரியில் நிறுத்தினேன். அவரது வதிவிட அட்டைப் படிவத்தில் அந்தக் கடையின் பெயரை எழுதியவளே நான்தான்.

"உங்கடை வேலை போயிடும், மாமா."

"அதுக்கும் ஒரு பப்பியே இருக்கும். நீ நிரப்புவாய்தானே?" என்று சிரித்து, திரும்பவும் வைத்தார்.

நாடாளுமன்ற உறுப்பினரிடமிருந்து இரண்டு வரி நன்றி வந்தது. அந்தக் குதிரை என்ன ஆனது என்று தெரியாது. இன்று நான் சட்டம் படிக்கிறேன். தடை வேண்டும் என்றுதான் இன்றும் சொல்வேன். ஆனால் இரண்டாவது கோரிக்கையை முதலில் எழுதுவேன்.

மாமாவை முதல் தடவை ஏமாற்றிவிட்டேன் என்று பல வருடங்கள் நம்பியிருந்தேன். போன மாதம் அவரைக் கூப்பிடப் போனபோது, முதல் தடவையாகக் கடைக்குள் நின்றேன். அவர் இறைச்சித் தட்டுகளில் விலைச்சீட்டுகளைக் குத்திக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சீட்டிலும் நான் மனுவின் மேலே எழுதிய அதே சொல், அதே கொட்டை எழுத்தில். நான் பிறக்கும் முன்பிருந்தே அவர் அதைத்தான் தினமும் குத்திவந்திருக்கிறார். அன்று தாளில் அவர் அவ்வளவு நேரம் பார்த்தது படத்தை அல்ல, அந்தச் சொல்லை.